முதல் வினாவிலிருந்து கடைசி உறுதிமொழி வரை: புதிய எம்.எல்.ஏ.வுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை வெற்றி பெற்று கோட்டைக்குள் நுழையும் உறுப்பினருக்குத் தொகுதி வேலை என்னவென்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மனு, பரிந்துரைக் கடிதம், திறப்பு விழா, கல்யாணம், துக்க வீடு என்று நாள் ஓடிவிடும். அரசைக் கேள்வி கேட்பது எப்படி என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 164(2) பிரிவின்படி அமைச்சரவை கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டியது சட்டமன்றப் பேரவைக்குத்தான். அந்தப் பேரவை என்பது 234 உறுப்பினர்களும் சேர்ந்தது. எதிர்க்கட்சி வரிசை மட்டுமல்ல.

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலர் இதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை. 1957 டிசம்பரில் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை மக்களவையில் கிளப்பிய ஃபெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸ்காரர். பிரதமர் நேருவின் மருமகன். அவர் தரவுகளை அடுக்கிப் பேசிய பிறகு நீதிபதி சாக்ளா ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பத்தாவது அட்டவணையின் கட்சித் தாவல் தடை, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் இருப்பதையும் பற்றியது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு மருத்துவர் ஏன் இல்லை என்று கேட்பதை அது தடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை புதிய உறுப்பினர்களுக்கும், அவர்கள் அலுவலகத்தில் கோப்பு தயாரிக்கும் இளைஞர்களுக்கும். விளக்கத்துக்காக ஒரே ஒரு பிரச்சினையைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொகுதியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட சாவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதால்தான் இதைத் தேர்ந்தேன்.

முதலில் காகிதம்

அவைக்குப் போகும் முன் நேரில் போங்கள். இறந்தவர் வீட்டுக்கும், சம்பவம் நடந்த இடத்துக்கும், உடன் வேலை செய்தவர்களிடமும். யார் வேலைக்கு அழைத்தார்கள், ஒப்பந்ததாரர் யார், கருவி ஏதாவது கொடுத்தார்களா, முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெறும் 'தவறி விழுந்து இறந்தார்' என்று பதிவானால் வழக்கு அங்கேயே நீர்த்துப்போகும். அதனால் முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருப்பது மிக அவசியம்.

அடுத்தது சட்டத்தைப் படிப்பது. கையால் மலம் அள்ளும் பணியாளர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013, பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதை 7ஆம் பிரிவில் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதே சட்டம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவையும், முதல்வர் அல்லது அவர் நியமிக்கும் அமைச்சர் தலைமையில் மாநிலக் கண்காணிப்புக் குழுவையும் கட்டாயமாக்குகிறது. மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, மாநிலக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மாவட்டத்திலிருந்து தேர்வான பட்டியல் சாதி எம்.எல்.ஏ.க்கள் அந்த மாவட்டக் குழுவில் உறுப்பினர்கள். நீங்களே அந்தக் குழுவில் இருக்கலாம். உங்களுக்கு அழைப்பு வந்ததா என்பதே முதல் கேள்வியாகலாம்.

மீதித் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வழக்கமாக 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அதே சட்டத்தின் 8(1) பிரிவில், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி, 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை இருந்தது. அதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சாதாரண மனுதாரருக்கே கிடைக்கும் புள்ளிவிவரத்தை உங்களுக்கு இல்லையென்று சொல்ல எந்தத் துறையாலும் முடியாது. தொடர்புள்ள அரசாணைகள், துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, முந்தைய ஆண்டுகளின் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இதே பிரச்சினைக்கு முந்தைய அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான ஆதாரம்.

யாரிடம் கேட்பது

தவறான துறைக்கு அனுப்பிய வினா செத்துப்போன வினா. தொட்டி நகராட்சி எல்லையில் இருந்தால் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, ஊராட்சியில் இருந்தால் ஊரக வளர்ச்சித் துறை, இழப்பீடும் மறுவாழ்வும் ஆதி திராவிடர் நலத் துறை, வழக்கு காவல் துறை. ஒரே சாவுக்கு மூன்று அமைச்சர்கள். மூன்று பேருக்கும் தனித்தனி வினா போடுங்கள். ஒரே வினாவில் எல்லாவற்றையும் திணித்தால் 'இது என் துறை சார்ந்ததல்ல' என்ற ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

ஒன்றிய அரசுப் பொருள்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. பட்டாசு ஆலை வெடிவிபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிபொருள் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. பெரிய ஆலைகளுக்கு உரிமம் தருவது பெசோ என்ற ஒன்றிய அமைப்பு. சிறிய ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் அலுவலர். எனவே 'உரிமம் ஏன் கொடுத்தீர்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் டெல்லியைக் காட்டிவிடுவார்கள். மாவட்ட வருவாய் அலுவலர் தந்த உரிமங்கள் எத்தனை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கடந்த ஓராண்டில் எத்தனை ஆலைகளை ஆய்வு செய்தது, எத்தனை மீது நடவடிக்கை எடுத்தது என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வினாவை எழுதுவது

உண்மையான உழைப்பு இங்கேதான். நம் பேரவையில் வரும் வினாக்களில் பெரும்பகுதி, 'எனது தொகுதியில் பாலம் அமைக்க அரசு முன்வருமா?' என்ற வகை. அது கோரிக்கை. தொகுதிக்குக் கோரிக்கை வைப்பதில் தவறே இல்லை, ஆனால் அதில் அமைச்சர் கணக்குக் காட்ட வேண்டியது எதுவும் இல்லை. 'முன்வரும்' என்றோ 'நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கும்' என்றோ சொல்லி உட்கார்ந்துவிடலாம். பொறுப்புக் கேட்கும் வினா வேறு. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியது நடந்ததா, ஒதுக்கிய பணம் செலவானதா, சொன்ன தேதி என்ன ஆனது என்று அது கேட்கும்.

நம் உதாரணத்தில், 'தூய்மைப் பணியாளர்களின் பாதுகாப்பை உறுதி செய்ய அரசு நடவடிக்கை எடுக்குமா?' என்பது வீணான வினா. இப்படிக் கேளுங்கள்: 'கடந்த மூன்று ஆண்டுகளில் மாநிலத்தில் கழிவுநீர்த் தொட்டி மற்றும் பாதாளச் சாக்கடைப் பணியின்போது இறந்தவர்கள் எத்தனை பேர், மாவட்ட வாரியாக? அவற்றுள் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானவை எத்தனை? தண்டனை கிடைத்தவை எத்தனை? எத்தனை குடும்பங்களுக்கு முழு இழப்பீடு வழங்கப்பட்டது? வழங்கப்படாதவற்றுக்குக் காரணம் என்ன?' காரணம் கேட்கும் கடைசித் துண்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் எண்ணால்தான் பதில் வர முடியும்.

வினா தள்ளுபடியாகும் காரணங்களும் தெரிந்திருக்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, அடைமொழி இருக்கக் கூடாது. மாநில அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதைக் கேட்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை வைத்துத்தான் விபத்துகளைப் பற்றிய வினாக்கள் அதிகம் தடுக்கப்படுகின்றன. வழி இருக்கிறது. யார் குற்றவாளி என்று கேட்காதீர்கள், அது நீதிமன்றத்தின் வேலை. துறை நடவடிக்கை, ஆய்வு, இழப்பீடு, மறுபடி நடக்காமலிருக்க வந்த சுற்றறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். அவை வழக்கில் இல்லை.

வாய்மொழிப் பதில் வேண்டுமானால் நட்சத்திரக் குறியிட்ட வினா, எழுத்துப் பதில் போதுமென்றால் குறியிடாத வினா. புதியவர்கள் எல்லாவற்றையும் நட்சத்திர வினாவாகவே போட ஆசைப்படுவார்கள், கேமரா இருக்கிறதே என்று. நீண்ட புள்ளிவிவரத்துக்குக் குறியிடாத வினாதான் சிறந்தது. அட்டவணை எழுத்தில் வந்து பேரவை ஆவணமாகிவிடும். அந்த எண்களை வைத்துக்கொண்டு அடுத்து நட்சத்திர வினா போடுங்கள். முன்னறிவிப்பு நாள்கள், ஒருவர் எத்தனை வினா தரலாம் என்பதையெல்லாம் பேரவை விதிகள் புத்தகத்திலேயே பாருங்கள். சந்தேகம் வந்தால் பேரவைச் செயலகத்தின் வினாக்கள் பிரிவில் கேளுங்கள். அங்குள்ள அலுவலர்கள் பல பேரவைகளைப் பார்த்தவர்கள்.

எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்

அமைச்சர் பதில் சொன்னதும் துணை வினாவுக்கு உங்கள் பெயர் அழைக்கப்படும். கட்சித் தலைவரையும் பேரவைத் தலைவரையும் வாழ்த்திக் கவிதை சொல்லி, தொகுதி மக்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இறந்துபோன இருவரின் குடும்பங்களுக்காக எழுந்து நிற்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். வணக்கம் ஒரு வரி, அடுத்த வரியே கேள்வி.

அமைச்சர் என்ன சொல்வார் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை வினாவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்றால், எந்த மாதத்துக்குள், எந்த அலுவலர் பொறுப்பு என்று கேளுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்றால், கோப்பு எந்தத் துறையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? 'நிதிநிலைக்கேற்ப' என்றால், இந்த ஆண்டு அதே தலைப்பில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, இதுவரை செலவு எவ்வளவு? 'கடந்த ஆட்சியில் இதைவிட மோசம்' என்றால் அதற்குள் இறங்கிச் சண்டை போடாதீர்கள். நீங்கள் கேட்ட எண்ணைத் திரும்பக் கேளுங்கள். 'உறுப்பினர் குறிப்பாகச் சொன்னால் நடவடிக்கை எடுப்போம்' என்றால், குறிப்புடன் தயாராக இருங்கள்: தேதி, இடம், முதல் தகவல் அறிக்கை எண்.

கீழ்மட்ட அலுவலரின் பெயரை அவையில் இழுக்காதீர்கள். அங்கே வந்து பதில் சொல்ல அவருக்கு வழியில்லை, பொறுப்பு அமைச்சருடையது. உங்களுக்குத் தகவல் தந்த தொழிலாளியின் பெயரையும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அவர் நாளையும் அதே ஒப்பந்ததாரரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும்.

அவசரமானால்

பொது முக்கியத்துவமுள்ள உடனடிப் பிரச்சினைக்குக் கவன ஈர்ப்பு இருக்கிறது. அமைச்சர் அறிக்கை தர வேண்டியிருப்பதால் அது நல்ல கருவி. அவையின் மற்ற அலுவலை நிறுத்திவிட்டுப் பேசக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானம் அபூர்வமாகத்தான் அனுமதி பெறும். உண்மையிலேயே பெரிய பேரிடருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினா நேரம் முடிந்ததும் வரும் நேரமில்லா நேரத்தில் பேசினால் செய்தி வரும், பதில் வரும் என்று உறுதியில்லை. வெளிநடப்பு செய்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அமைச்சர் பதில் சொல்லும்போது நீங்கள் அவையில் இல்லையென்றால் அந்தப் பதிலைக் குறுக்கிட்டுக் கேட்க யாருமில்லை. என் கருத்தில், பதிலை முழுதும் கேட்ட பிறகு வெளியேறுவது எப்போதும் மேல்.

பணம் போகும் வழி

ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டு அவையில் வைக்கும் மானியக் கோரிக்கை மீதான விவாதம்தான் ஆண்டின் முக்கியமான நாள்கள். சுகாதாரம் கோரிக்கை எண் 19, காவல் 22, பள்ளிக் கல்வி 43. பேசும் முன் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைச் சென்ற ஆண்டுக் குறிப்போடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படியுங்கள். சென்ற ஆண்டு அறிவித்த கழிவகற்றும் இயந்திரங்கள் இந்த ஆண்டு 'நடைமுறையில் உள்ளன' என்று வந்திருக்கிறதா, அல்லது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறதா? காணாமல் போனவற்றைத் தனியே எழுதினாலே உங்கள் பேச்சு தயார். கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் தோற்கும் என்று தெரிந்தும் அதைக் கொடுங்கள். தொகையைக் குறைப்பதற்காக அதைக் கொடுப்பதில்லை; உங்கள் குறை அச்சில் வர வேண்டும், அமைச்சர் பதிலுரையில் அதைத் தொட வேண்டும் என்பதற்காக.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கைகளை ஊடகங்கள் ஒரு நாள் செய்தியாகவே விட்டுவிடுகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி மாநிலத் தணிக்கை அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வர வேண்டும், ஆனால் எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இடையில் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. எனவே ஒவ்வொரு கூட்டத்தொடரிலும், அரசிடம் வந்துசேர்ந்தும் அவையில் வைக்கப்படாத தணிக்கை அறிக்கைகள் எவை என்று யாராவது ஒருவர் கேட்டே தீர வேண்டும். அது நீங்களாக இருங்கள். அறிக்கை அவைக்கு வந்த பிறகு பொதுக் கணக்குக் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவில் இடம் கிடைத்தால் மறுக்காதீர்கள். அங்கே கேமரா இல்லை, கட்சிச் சண்டை குறைவு, துறைச் செயலாளர் உங்கள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வார்.

விபத்து நடக்கும் முன்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பில் உறுப்பினரின் பெரிய பயன், செய்தி வராத நாளில் கேட்கும் வினாதான். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றுள் ஏதாவது காலாவதியாகியும் இயங்கும் தனியார் பள்ளிகள் மாவட்ட வாரியாக எத்தனை? அரசு மருத்துவமனைகளில் கடைசித் தீத்தடுப்பு ஒத்திகை எப்போது? 108 ஆம்புலன்ஸ் அழைப்பிலிருந்து வந்துசேர உங்கள் ஒன்றியத்தில் சராசரியாக எத்தனை நிமிடம்? இவற்றில் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் வினா வந்தது என்று தெரிந்தவுடனேயே பதில் தயாரிக்க ஆய்வுக்கு ஆள் கிளம்புவார். அதற்காகவே கேட்கலாம்.

பெரிய சம்பவத்துக்கு விசாரணை ஆணையம் அமைத்தால் அறிவிப்போடு பிரச்சினை ஆறிப்போகும். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம் 3(4) பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணையம் அறிக்கை தந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அறிக்கை அரசிடம் சேர்ந்த தேதியை நாட்காட்டியில் எழுதி, ஆறாவது மாதம் வினா போடுங்கள்.

வாக்குறுதியைத் துரத்துவது

அமைச்சர் அவையில் 'செய்வோம்' என்றால் அது உறுதிமொழி. அவற்றைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பேரவை விதிகளில் 110ஆம் விதியின் கீழ் முதல்வரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்புகளின் மீது அப்போது விவாதம் கிடையாது. அதனால் அவற்றைப் பின்னால் துரத்துவது இன்னும் முக்கியம்.

ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது எக்செல் தாள் போதும். தேதி, அமைச்சர் சொன்ன சரியான வாக்கியம், நடவடிக்கைக் குறிப்பின் பக்கம், கெடு, இன்றைய நிலை என்று ஐந்து நெடுவரிசை. நாளிதழ்ச் செய்தியை நம்பி எழுதாதீர்கள், நடவடிக்கைக் குறிப்பின் வாக்கியமே எடுபடும். உறுதிமொழிக் குழு மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதுண்டு. உங்கள் மாவட்டத்துக்கு வரும் தேதி தெரிந்தால் இந்தத் தாளோடு போய் நில்லுங்கள். ஆட்சியரும் துறை அலுவலர்களும் அதே அறையில் இருப்பார்கள். கழிவகற்றும் இயந்திரம் வாங்கியாயிற்றா என்று அங்கே கேட்டால் பதிலை வேறு அலுவலகத்துக்குத் தள்ள முடியாது.

பாதுகாப்பும் வரம்பும்

அவையில் பேசியதற்காக உங்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 194(2) பிரிவு தரும் பாதுகாப்பு அது. அதையே வெளியே மேடையில் திரும்பச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு உங்களோடு வராது. எனவே நிரூபிக்க முடியாததை உள்ளேயும் சொல்லாமலிருப்பது நல்லது. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படும் ஒரு வாக்கியம் உங்கள் மீதிப் பேச்சையும் பலவீனமாக்கிவிடும். வினா கேட்க ஒப்பந்ததாரரிடமோ நிறுவனத்திடமோ எதையும் வாங்காதீர்கள். 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் இதற்காக வெளியேற்றப்பட்டார்கள். லஞ்சத்துக்கு அவை உரிமை கவசமாகாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

அவை கூடாத மாதங்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் வரை இடைவெளி இருக்கலாம். அந்த மாதங்களில் கோப்பு தூங்கக் கூடாது. துறைச் செயலாளருக்கு எழுதுங்கள், ஆட்சியருக்கு நகல் போகட்டும், ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புகை எண் இருக்கட்டும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் இதே பிரச்சினைக்கு மக்கள் தந்த மனுக்களின் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழுவை ஏன் கூட்டவில்லை என்று கேளுங்கள், கூட்டினால் போய் உட்காருங்கள். அமைச்சர் தந்த பதிலின் நகலை இறந்தவர்களின் குடும்பத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இழப்பீடு வங்கிக் கணக்கில் ஏறியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே முதல் வினாவாக அதைப் பேரவைச் செயலகத்தில் கொடுத்துவிடுங்கள்.